டெபியன் நிலைப் பதிப்பு: கும்பகோணத்து அச்சகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஓர் அச்சகத்தின் ஆறு கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் குடமுழுக்குப் பத்திரிகை, விதைக் கடைகளுக்கான ரசீதுப் புத்தகம், தினசரி நாட்காட்டி ஆகியவையே அங்கே நடக்கும் வேலை. 2021ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் வெளியான டெபியன் 11ஐ, அதாவது விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் பதினோராம் பதிப்பை, அடுத்த சில நாள்களிலேயே அங்கு நிறுவினோம். 12ஐ அதே கணினிகளிலும் 13ஐ அவற்றில் ஒன்றிலும் பார்த்துவிட்டேன். டெபியனைப் பற்றிப் பொதுவாக எழுதுபவர்கள் மேசைத்தளத்தின் தோற்றத்தையும் நிறுவும் எளிமையையும் பேசுவார்கள். ஓர் அச்சகத்துக்கு அவை இரண்டாம் பட்சம் என்பதால், நான் ஒரே ஒரு கேள்வியை வைத்து இதை மதிப்பிடுகிறேன்: பல மென்பொருள்கள் சேர்ந்து சார்ந்திருக்கும் ஒரு நிரலகத்தில், அதாவது லைப்ரரியில், ஆபத்தான மாற்றம் ஒன்றைச் செய்தே ஆகவேண்டிய நிலை வரும்போது, ஏற்கெனவே வெளியிட்டுவிட்ட நிலைப் பதிப்பில் அதை டெபியன் எப்படிக் கையாளுகிறது?

நிரலகம் என்பது தனக்கென வேலை இல்லாமல் மற்ற மென்பொருள்களுக்காக உழைக்கும் நிரல்களின் தொகுதி. தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் ஒரு நிரலகம். ‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுவந்து நிறுத்துவது அதன் பணி. ஆவணம் எழுதும் லிப்ரே ஆஃபிஸும் படம் வரையும் இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸும் அதையே நம்பியிருக்கின்றன. அதில் ஒரு பிழை நுழைந்தால் மூன்றும் ஒரே நாளில் கெடும். அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபட்டால் மூன்றும் ஒரே நாளில் நலம் பெறும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தலைமதகில் ஒரு பலகையை ஏற்றி இறக்குவது கடைமடை வரை தெரியும். மேல்மடையில் மென்பொருளை எழுதுபவர்கள் நாள்தோறும் புதிய பதிப்புகளைத் திறந்துவிடுகிறார்கள். கடைமடையில், முகூர்த்த நாளுக்கு இரண்டாயிரம் அழைப்பிதழ் ஒப்புக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். இடையில் கல்லணையைப் போல ஒன்று தேவைப்படுகிறது. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் வேண்டிய அளவு விட்டுவிட்டு, மிகுவெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளும் வேலையை ஒத்ததே டெபியனின் நிலைப் பதிப்பை நிர்வகிப்பவர்கள் செய்வதும். புதுப் பதிப்புகளின் வெள்ளம் ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளையில் ஓடுகிறது. நிலைப் பதிப்புக்கு வருவது அளந்துவிட்ட நீர்.

அந்த அளவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதை நான் நெருங்கிப் பார்த்தபோதுதான் இந்தத் தயாரிப்பின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. நிலைப் பதிப்பில் உள்ள ஒரு பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்பை, திருத்த விரும்பும் பராமரிப்பாளர், அந்த வழு உண்மையிலேயே கடுமையானது என்று காட்டவேண்டும். அதே வழு அன்ஸ்டேபிளில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். பழையதற்கும் புதியதற்கும் இடையே மாறும் ஒவ்வொரு வரியையும் ஒப்பீட்டுக் கோப்பாக இணைத்து, நிலைப் பதிப்பு மேலாளர்களிடம் பொதுவெளியில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் இசைந்தால் அது ‘ப்ரபோஸ்டு-அப்டேட்ஸ்’ என்ற காத்திருப்பு இடத்துக்குப் போகும். சோதிக்க விரும்பும் எவரும் அங்கிருந்து எடுத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமையில், அப்படிச் சேர்ந்தவை எல்லாம் 12.1, 12.2 என்று எண்ணிட்ட இடைவெளியீடாக வரும். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மட்டும் வேறு வாசல் உண்டு. பாதுகாப்புக் குழு தனி அறிவிப்புடன் உடனே வெளியிடும்.

பயனருக்கு இதில் என்ன நன்மை என்று கேட்கலாம். ஒரு புதுப்பிப்பு வந்தவுடன், அதில் எத்தனை வரி மாறியது, யார் மாற்றினார், எந்தக் குறைக்காக மாற்றினார் என்பதை நானே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளிலும் எனக்கு அந்த வசதி கிடைத்ததில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு திருத்தம் புதிய கோளாறை உண்டாக்கிவிட்டால், அதே அறிவிப்பு எண்ணின் கீழ் ‘2’ என்று குறியிட்டு மறு திருத்தம் வெளியிடுகிறார்கள். தவறு நடந்ததை மறைக்காமல் வரிசையெண் கொடுத்துப் பதிந்துவைக்கும் இந்த வழக்கத்தை நான் மிகப் பெரிய தகுதியாகக் கருதுகிறேன்.

நிரலகங்களுக்கு இன்னொரு காப்பும் இருக்கிறது. நிரலகக் கோப்பின் பெயரோடு ஒட்டியிருக்கும் எண், அதைச் சார்ந்த மென்பொருள்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. இணைப்பு முறை மாறினால் அந்த எண்ணும் மாறும். டெபியனில் பொதியின் பெயரே மாறிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தின் பொதி, டெபியன் 11இல் ‘லிப்எஸ்எஸ்எல்1.1’ என்று இருந்தது 12இல் ‘லிப்எஸ்எஸ்எல்3’ ஆனது அப்படித்தான். ஒரு நிலைப் பதிப்பின் ஆயுளுக்குள் இந்த எண்ணை மாற்றுவதில்லை என்பதே பொது விதி. பத்தாயிரக்கணக்கான பொதிகளை ஒன்றோடொன்று பொருத்திவைத்துவிட்டு, ஐந்தாண்டு அந்தப் பொருத்தம் குலையாமல் பார்த்துக்கொள்வது சிறிய வேலை அன்று. மூன்று ஆண்டு பாதுகாப்புக் குழுவும், அதன்பின் ஐந்தாம் ஆண்டு நிறையும்வரை நீண்டகால ஆதரவுக் குழுவும் இந்தப் பொறுப்பை ஏற்கின்றன.

பழைய பதிப்பெண்ணிலேயே நின்றுகொண்டு, பிழைக்கான திருத்தத்தை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவரும் இந்த முறை, முதலில் பார்ப்பவரைக் குழப்பும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எலின் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளியானபோது, மேல்மடையில் திருத்தம் 1.0.1ஜி என்ற பதிப்பாக வந்தது. அன்றைய டெபியன் 7இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1ஈ என்றே இருந்தது. பின்னால் ஒட்டிய சிறு குறியில்தான் அது திருத்தப்பட்டது என்பது தெரியும். பதிப்பெண்ணை மட்டும் பார்த்து ‘இது பழசு, ஆபத்து’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பின்குறியைப் படிக்கக் கற்றுக்கொள்வதே டெபியன் பயனரின் முதல் பாடம் என்பேன்.

இனி இதன் மறுபக்கம். திருத்தம் சிறியதாக இருப்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. இதற்கு மிகக் கசப்பான சான்று டெபியனின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2006இல், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எழுப்பிய எச்சரிக்கையை நீக்குவதற்காக, டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. அதன் விளைவாக, ரகசியத் திறவிகளை உருவாக்கும் தற்செயல் எண்களுக்கு நிரலின் செயல்முறை எண் ஒன்றே ஆதாரமாக எஞ்சியது. ஒவ்வொரு வகைத் திறவிக்கும் 32,768 சாத்தியங்கள் மட்டுமே இருந்தன. யாரும் எண்ணி முடித்துவிடலாம். 2008 மே மாதத்தில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டு காலத்தில் அந்தப் பொதியால் உருவான திறவிகள் அனைத்தையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. ஒரு நிரலகத்தை எழுதியவர்களிடமிருந்து விலகி நின்று அதில் கைவைப்பதன் விலை அது. புதிய பதிப்பை அப்படியே எடுப்பதில் ஓர் ஆபத்து என்றால், எடுக்காமல் நாமே ஒட்டுப்போடுவதில் வேறோர் ஆபத்து.

இன்றைய டெபியன் இதில் எல்லா நிரலகங்களுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. நான் பாராட்டுவதும் அதையே. டெபியன் 12 வெளியானபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.9 இருந்தது. பின்னர் அதே 3.0 வரிசையின் திருத்தப் பதிப்புகள் இடைவெளியீடுகளின் வழியே வந்தன. அந்த வரிசையில் புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை என்று மேல்மடையினர் உறுதி கொடுத்திருப்பதால், தனித்தனி ஒட்டுகளைவிட முழு வரிசையை நம்புவது மேல் என்ற முடிவு அது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கும் இப்படியே. வெப்கிட்-ஜிடிகே என்ற நிரலகத்துக்கோ, இணையப் பக்கங்களைக் காட்டும் அதன் சிக்கல் காரணமாக, பெரிய பதிப்புகளையே பாதுகாப்புத் திருத்தமாகத் தருகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகாலப் பதிப்பும் அவ்வாறே. ஆகவே ‘நிலைப் பதிப்பில் எதுவும் மாறாது’ என்று நண்பர்களிடம் சொல்லிக் கொடுப்பவர்கள் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும்.

பொது நிரலகம் ஒன்றைப் பகிர்ந்து பயன்படுத்துவதன் அருமை எனக்கு 2023 செப்டம்பரில் புரிந்தது. வெப்பி வகைப் படங்களைப் பிரிக்கும் லிப்வெப்பி நிரலகத்தில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. டெபியன் அந்த ஒரு பொதியைத் திருத்தி அனுப்பியது; அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா மென்பொருளும் அன்று மாலையே காப்புப் பெற்றன. ஆனால் எங்கள் அச்சகத்தில் ஒரு கணக்கு மென்பொருள் இருக்கிறது. அது தனக்குள்ளேயே ஓர் உலாவியையும், அதற்குள் லிப்வெப்பியின் நகல் ஒன்றையும் சுமந்துகொண்டு வந்தது. அதை விற்றவர்களிடமிருந்து திருத்திய பதிப்பு வரப் பல வாரங்கள் ஆயின. அதுவரை அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டித்து, ரசீதுகளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றோம். டெபியனிலும் இந்தக் குறை முழுக்க இல்லாமலில்லை. கோ, ரஸ்ட் மொழிகளில் எழுதிய மென்பொருள்கள் நிரலகத்தைத் தமக்குள்ளேயே கட்டிக்கொள்வதால், ஒரு நிரலகத்தைத் திருத்தினால் அதைச் சார்ந்தவற்றை எல்லாம் மறுபடி கட்டவேண்டியிருக்கிறது. வெளியீட்டுக் குறிப்புகளிலேயே இந்த வரம்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே கணக்கு மென்பொருள்தான் 12க்கு மாறியபோதும் தொல்லை கொடுத்தது. அதற்கு லிப்எஸ்எஸ்எல்1.1 வேண்டும், 12இல் அது கிடையாது. விற்றவர்களின் உதவித் தொலைபேசியில் பேசியவர், பழைய பொதியைத் தரவிறக்கிக் கையால் நிறுவிக்கொள்ளச் சொன்னார். நானும் செய்தேன். மென்பொருள் ஓடியது. ஆனால் அந்த நிரலகத்துக்கு இனி எந்தத் திருத்தமும் எங்கள் கணினிக்கு வந்து சேராது என்பதை நான் அன்று யோசிக்கவில்லை. மேல்மடையிலும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசைக்கான ஆதரவு 2023 செப்டம்பர் 11ஆம் நாளோடு முடிந்தது. சில மாதம் கழித்து, எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பொதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான், வாய்க்காலோடு தொடர்பறுந்த குட்டையைப் போல அது தனியே நிற்பதைக் கண்டேன். பிறகு அந்த மென்பொருளை மட்டும் டெபியன் 11 இயங்கும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் அடைத்தோம். அந்த 11க்கு நீண்டகால ஆதரவு தொடர்ந்ததால் திருத்தங்களும் வந்தன. நிலைப் பதிப்பைப் பயன்படுத்தும் சிறு தொழிலகங்கள் அனைத்துக்கும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே: வெளியிலிருந்து நுழையும் ஒரே ஒரு நிரலகம் போதும், டெபியன் கட்டிக்காக்கும் ஒழுங்கு உங்கள் கணினியில் முறிந்துவிடும்.

2022இல் நானே அந்த ஒழுங்கை முறித்தேன். புதிய இங்க்ஸ்கேப் வேண்டும் என்பதற்காக, அடுத்த நிலைப் பதிப்பு உருவாகும் ‘டெஸ்டிங்’ கிளையின் களஞ்சியத்தை ஒரு கணினியில் சேர்த்தேன். ஒரு பொதி கேட்டதற்கு அடிப்படையான சி நிரலகம் உட்பட ஏராளமானவை மாறின. திரும்பி வர வழியில்லை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் இரண்டு நாள் செலவழித்து அந்தக் கணினியை மறுபடி நிறுவினேன். அச்சக உரிமையாளர் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இனிமே ஆடியில மட்டும் கைவைங்க” என்று மட்டும் சொன்னார். ‘பேக்போர்ட்ஸ்’ என்ற பகுதியில், நிலைப் பதிப்பின் நிரலகங்களோடு பொருந்துமாறு மீண்டும் கட்டிய புதிய பொதிகள் கிடைக்கும். புதுமை வேண்டுபவர்கள் அங்கே தேடவேண்டும்.

ஆடி என்று அவர் சொன்னது எங்கள் ஊர்க் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் கிடையாது. அச்சகம் மூச்சுவிடும் மாதங்கள் அவை. டெபியன் 12 வெளியான 2023 ஜூன் 10 வைகாசியின் கடைசி வாரம். மேட்டூர் திறக்க இரண்டு நாள் இருந்த அந்த நேரத்தில் குறுவைக்கான ரசீதுப் புத்தக வேலை குவிந்து கிடந்தது. காத்திருந்தோம். ஜூலை 22இல், ஆடி ஆறாம் நாள், 12.1 வந்தது, முதல் சுற்றுக் கோளாறுகள் களையப்பட்ட அதையே நிறுவினோம். 2025 ஆகஸ்ட் 9இல் வெளியான 13 ஆடிக்குள்ளேயே வந்தும், ஆவணி முகூர்த்தங்கள் அடுத்த வாரமே தொடங்க இருந்ததால், மார்கழிக்குத் தள்ளிவைத்து ஒரே ஒரு கணினியில் மட்டும் சோதித்தோம். பழைய பதிப்புக்கு ஓராண்டு முழு ஆதரவு தொடர்வதால் இப்படித் தள்ளிவைக்க முடிகிறது. அந்த ஓராண்டு அவகாசம் விவசாயத்தையும் முகூர்த்தத்தையும் நம்பி நடக்கும் ஊர்களுக்குப் பெரிய வரம்.

காத்திருப்பதன் பயனுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். 2023 டிசம்பர் 9இல் 12.3 வெளியாகவிருந்த வேளையில், அதிலிருந்த கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மைய நிரலில், எக்ஸ்ட்4 கோப்பு முறையின் தரவைச் சிதைக்கக்கூடிய வழு தெரியவந்தது. வெளியீட்டை நிறுத்தி, மறுநாளே 12.4ஆக வெளியிட்டார்கள். இடைவெளியீடுகளை ஒரு வாரம் கழித்தே ஏற்றுவது எங்கள் வழக்கம் என்பதால் நாங்கள் அந்தக் கெர்னலைத் தொடவே இல்லை. அடுத்தது 2024 மார்ச் 29இல் அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம். அதன் லிப்எல்இசட்எம்ஏ நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்றை யாரோ திட்டமிட்டுப் பொருத்தியிருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைத் துருவிப்போய் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளில் அந்தப் பதிப்புகள் நுழைந்துவிட்டிருந்தன. நிலைப் பதிப்பில் 5.4.1 இருந்ததால் அது தப்பியது. இதை டெபியனின் வெற்றி என்று முழக்கமிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்த நிலைப் பதிப்பில் அது இடம்பெற்றிருக்கக்கூடும். காத்திருப்பு நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் உற்றுப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

கருவிகளில், ‘ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ்’ மிகப் பயனுள்ளது. நிறுவப்போகும் பொதியில் கடுமையான வழு பதிவாகியிருந்தால் முன்கூட்டியே நிறுத்திக் கேட்கும். ‘நீட்ரீஸ்டார்ட்’ அதைவிட அவசியம். நிரலகத்தைப் புதுப்பித்த பின்னும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் பழைய நிரலகத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும். இரவில் அணைக்கும் மேசைக் கணினிகளுக்கு இது பொருட்டில்லை. இன்வெர்ட்டரில் இரவும் பகலும் ஓடும் எங்கள் கோப்புச் சர்வரில், மறுதொடக்கம் செய்யாத புதுப்பிப்பு ஏட்டுச் சுரைக்காய்தான். ஒரு பொதியை அப்படியே நிறுத்திவைக்கும் ‘ஹோல்ட்’ வசதியை அஞ்சிப் பயன்படுத்த வேண்டும். தை மாதம் ஒன்றில், பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டை நிறுத்திவைத்துவிட்டுச் சித்திரை வரை மறந்துபோனேன். இடையில் வந்த பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிட்டது. இப்போது எதை நிறுத்தினாலும், விடுவிக்க வேண்டிய நாளை அச்சகத்துத் தினசரி நாட்காட்டியின் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

டெபியன் தராத ஒன்றை நாங்களே செய்துகொண்டோம். பழைய அழைப்பிதழ்கள் நான்கையும், ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் கிரந்தமும் நிறைந்த ஒரு குடமுழுக்குப் பத்திரிகையையும் எடுத்துவைத்திருக்கிறோம். ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் அவற்றைப் பிடிஎஃப் ஆக்கி ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒப்பிடுகிறோம். எழுத்துக்கோப்பு நிரலகத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் வரி மடங்கும் இடம் மாறி, மணமகனின் தாத்தா பெயர் அடுத்த வரிக்குப் போய்விடும். தமிழ் எழுத்துகளுக்கான இத்தகைய சோதனையை அயலூர்ப் பராமரிப்பாளர் எவரும் நமக்காகச் செய்துதருவார் என்று காத்திருக்கக் கூடாது. நாம் செய்து, குறை கண்டால் வழுவாகப் பதிய வேண்டும்.

டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவின் முறையையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அங்கே நிலைப் பதிப்பில் திருத்தம் கோருபவர், எங்கே கோளாறு வரக்கூடும் என்பதைத் தாமே எழுதித்தர வேண்டும். சோதனை முடிந்து, பொதுவாக ஏழு நாள் காத்திருந்து, பிறகு பயனர்களில் சிறு பங்கினருக்கு முதலில் அனுப்பிப் படிப்படியாக விரிக்கிறார்கள். முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் போன்ற இந்த ஏற்பாடு டெபியனில் இல்லை. இடைவெளியீடு வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. இதை டெபியனின் மெய்யான குறையாகக் கருதுகிறேன். எங்கள் அச்சகத்தில் அந்த முறையை நாங்களே வைத்துக்கொண்டோம்: பாதுகாப்புத் திருத்தம் முதலில் மெய்ப்புப் பார்க்கும் கணினிக்கு, ஒப்பீடு சரியாக இருந்தால் இரண்டு நாளில் மற்றவற்றுக்கு. மற்றொரு குறை மொழி. பாதுகாப்பு அறிவிப்புகளும் வழுப் பதிவுகளும் ஆங்கிலத்தில் இருப்பதால், அச்சகத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றையும் நான் தமிழில் இரண்டு வரியாக எழுதி ஒட்டவேண்டியிருக்கிறது.

விலை ஏதும் இல்லை. நேரம்தான் செலவு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரத்தைத் தர ஆள் இல்லாத இடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கர் ஒருவர், விதைக் கடை ஒன்று, அச்சகம் ஒன்று, பள்ளி ஆய்வகம் ஒன்று, இவற்றில் பொறுப்பெடுத்துக்கொள்ள ஒருவர் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: 13இல் அவற்றுக்கு நிறுவியும் கெர்னலும் இல்லை. எங்களிடம் அப்படி ஒன்று ரசீது அடிக்கிறது. 12இன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருப்பதால் அதுவரை அது அங்கேயே இருக்கும். மற்ற ஐந்தும் மார்கழியில் 13க்கு மாறுகின்றன. ஒப்பீட்டுக்கான ஐந்து பிடிஎஃப்களையும் இப்போதே எடுத்துவைத்துவிட்டேன்.